கொடியில் காய்ந்த பெட்ஷீட்

திருப்பதியில் நான் இப்போது போகும் சபையில் யாராவது ஒரு பெண்மணி கணீரென்று பாட்டைத் தொடங்கினால், சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன். எங்கள் சண்டே ஸ்கூல் டீச்சராக இருக்கக்கூடாதா என்று ஓர் ஆசை. ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். பார்த்தால் என்ன சொல்வேன் என்று மட்டும் யோசித்ததில்லை.

சத்தியவேட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஒரு மாடிப் போர்ஷனில் டீச்சர் தனியாகக் குடியிருந்தார். சபையில் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிப் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவரிடம் படித்துத்தான் மலைப்பிரசங்கம் முழுவதையும் தடுக்காமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினேன். பொருள் கேட்டிருந்தால் முழித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டுக் கொடியில் தினமும் ஒரு பெட்ஷீட் காயத் தொடங்கியது. வீட்டில் நான் ஒரே பிள்ளை. எதிர்வீட்டுப் பையன் கூட்டிக் கழித்துப் பார்த்து, நான் படுக்கையிலேயே மூத்திரம் போகிறேன் என்ற முடிவுக்கு வந்துவிட்டான். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்க என் பெயர் ‘லீக்கு’. சார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூடப் பின்பெஞ்சிலிருந்து அந்தப் பெயர்தான் வரும்.

அழுதுகொண்டே போய் அம்மாவைக் கேட்டேன், அது யாருடையது என்று.

“உன்னுது இல்லன்னு உனக்குத் தெரியுமில்ல? அப்புறம் என்னா? சோறு ஆறிப்போவுது, துன்னு” என்றாள்.

நைனாவோ, “உங்கம்மாவையே கேளு” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

விடுவேனா? ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். டீச்சர் வீட்டு மாடிப்படியிலிருந்து வயர்கூடையோடு இறங்கினாள். கூடைக்குள் சுருட்டிய பெட்ஷீட். டீச்சருக்கு ஏதோ ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போயிருந்தது. மாடியில் இருந்த ஒரே கொடி ஹவுஸ் ஓனருக்கும் பொது. அங்கே தினமும் பெட்ஷீட் காய்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, என் மேலிருந்த பழி தீர்ந்தது என்பது மட்டுமே.

மறுநாள் ஆராதனையில், “யாராவது சாட்சி சொல்றீங்களா?” என்று பாஸ்டர் கேட்டதும் எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க வூட்டுக் கொடியில காயறது என்னுது இல்ல. டீச்சருது. எங்கம்மா யாருக்கும் சொல்லாம தெனமும் தோச்சிக் குடுக்கறாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

சபையே கைதட்டியது. பாஸ்டர் அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். எதிர்வீட்டுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். என் மானத்தையும் காப்பாற்றி, அம்மாவுக்கும் பேர் வாங்கிக் கொடுத்துவிட்ட பெருமையில் டீச்சரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டுக்கு வேறு யாரோ அடியெடுத்தார்கள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. மறுநாள் காலையில் வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். “நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க” என்று நைனாவிடம் சொல்லிவிட்டுக் கூடையை ஆணியில் மாட்டினாள்.

அந்த மாதம் முடிவதற்குள் டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டு நாயுடுபேட்டையில் இருந்த தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். அம்மாவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். டீச்சர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். துளிக் கோபமில்லை. அந்தக் கையின் சூடு இன்றும் எனக்கு வேண்டியிருக்கிறது.

பஸ்ஸில் பாதி சீட்டுக்கு மேல் காலி. டீச்சர் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தூரமும் நின்றுகொண்டே போனால் கால் என்ன ஆகும்? எனக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஓடிப்போய், பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

“டீச்சர், எல்லா சீட்டும் காலியாத்தான் கீது! உக்காருங்க! ஏன் நின்னுக்கினே போறீங்க?”

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். நல்லதைத்தானே சொன்னேன் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.