கோண்டோ வரைந்த பதினாலு சுமைகாரர்கள்

கோண்டோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் உள்நாட்டு நியாம்வேசிக்காரி, அவன் கடற்கரை ஜராமோ. எங்கள் இரண்டு சனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலி முறை. அவன் வீட்டு இழவில்கூட நான் போய்க் கிண்டல் செய்யலாம். அவன் என் அடுப்பிலிருந்து பானையையே தூக்கிக்கொண்டு போகலாம். என்னைப் 'பொண்டாட்டி' என்றே கூப்பிடலாம். யாரும் கோபப்படக் கூடாது. ஆகவே உள்ளதைச் சொல்கிறேன்: சோம்பேறி. தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அறுபது வயதிலும் எங்காவது மேளச் சத்தம் கேட்டால் தூரிகையைப் போட்டுவிட்டு ஓடுவான். எங்கள் ஊர் டபோராவுக்கு வந்து முப்பது வருஷமாக என் சாப்பாட்டுக் கடையை ஒட்டித்தான் அவன் பட்டறை. முடிவெட்டும் கடையோ கசாப்புக் கடையோ, ஊரில் எந்தக் கடைப்பலகையைப் பார்த்தாலும் அவன் வரைந்ததுதான். ஒன்றிலும் அவன் பெயர் கிடையாது.

போன வருஷம் ஸ்டேஷன் ரோட்டில் புதிதாக விடுதி கட்டிய ருகைசா ஒரு பழைய தாளைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து வெளிநாட்டுப் பத்திரிகைப் படம். தேசம் பார்க்கக் கிளம்பிய வெள்ளைக்காரன் ஒருவன் தொப்பியும் கைத்தடியுமாக எங்கள் ஊருக்குள் நுழைகிறான். பின்னால் பதினாலு சுமைகாரர்கள்.

"இதை அப்படியே வண்ணத்துல பெருசா வரைஞ்சு குடு. ஹால்ல மாட்டறேன். கீழே உன் பேரைப் போட்டுக்கோ" என்றார்.

பெயர் என்றதும் ஆளே மாறிப்போனான். இரண்டு மாதம் எந்த மேளத்துக்கும் ஓடவில்லை. அவன் பெண்டாட்டி முவஜூமா என்னிடம் வந்து, "இவருக்கு யாராவது மருந்து வெச்சுட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள். பெயரோடு ஒரு படம் ஹாலில் தொங்கவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

விடுதித் திறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாப்பாடு கொடுக்கப் போனவள் படத்தைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடா இது, எங்க ஆளுங்க தலையில மூட்டையை வெச்சிருக்கே?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு. பாரு."

"தலையில தூக்கறது உங்க கடற்கரைப் பழக்கம். நியாம்வேசிக்காரன் தோள்லதான் தூக்குவான். என் தாத்தாவோட அப்பா தந்தம் சுமந்து கடற்கரைப் பகமோயோ வரைக்கும் நடந்தவர். தோள் பூரா செருப்புத் தோலாட்டம் காய்ச்சுப் போயிருந்துச்சாம்."

"தெரியுமே, சுமைதூக்கி வம்சம்னு. அதனாலதான் உன்னைக் கட்டிக்கலை. பார்த்து வரையறதுன்னா அப்படியேதான் வரையணும், பொண்டாட்டி."

"அதை வரைஞ்சவன் இந்த ஊரைக் கண்ணால பார்த்திருப்பானா?"

"நீ அந்தக் காலத்தைப் பார்த்தியா?"

அவன் தூரிகை அத்தனையையும் அள்ளி முந்தியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். கேலி முறையில் அதற்கு இடமுண்டு. மீட்கவேண்டுமானால் ஏதாவது கொண்டுவந்து கொடுக்கவேண்டும்.

மறுநாள் காலையில் ஒரு கோழியோடு வந்து நின்றான்.

"கோழி வேணாம். அங்க நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு, அரை மூட்டை அரிசியைத் தோளில் ஏற்றி வாசலிலிருந்து அடுப்புவரை நடந்தேன். இடுப்பு விட்டுப்போகும் போலிருந்தது. முதலில் கெக்கலித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"திரும்ப நட" என்றான்.

பாவி, மூன்று தடவை நடக்கவைத்தான். "தலை அந்தப் பக்கமா சாயுது, பாரேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தான். தூரிகைகளை வாங்கிக்கொண்டான். கோழியையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று நாளில் பதினாலு பேரையும் மாற்றினான். மூட்டை தலையைவிட்டு இறங்கியதும் முகங்களில் வெளிச்சம் விழுந்தது. தாளில் பதினாலு பேருக்கும் ஒரே முகம். இவன் படத்தில் ஒருவன் பல்லைக் கடிக்கிறான், ஒருவன் பக்கத்து ஆளிடம் ஏதோ பேசிக்கொண்டு வருகிறான். ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தேன். ஆனாலும், "இந்த ஆளுக்கு உன்னை மாதிரியே சப்பை மூக்கு" என்றுதான் சொன்னேன்.

ருகைசா வந்தார். தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"நான் கேட்டது இது இல்லையே. இன்னும் மூணு நாள் இருக்கு. பழையபடி தலையில ஏத்திக் குடு. இல்லேன்னா எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஏத்திடுடா. நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். தோளா தலையான்னு எவன் வந்து பார்க்கப் போறான்?" என்றேன்.

"நீ நடந்ததை நான் பார்த்துட்டேன், மிலெம்பே. இனிமே எப்படித் தலையில ஏத்தறது?"

முப்பது வருஷத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். படத்தை அவன் தொடவே இல்லை.

விடுதி ஹாலில் இப்போது கடையில் வாங்கிய சிங்கப் படம் தொங்குகிறது. கோண்டோவின் படம் என் கடைச் சுவரில், தாளிப்புப் புகை படிந்துகொண்டு இருக்கிறது. திறப்பு விழா அன்று ஸ்டேஷன் ரோட்டிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. அவன் அசையாமல் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னாலதான் போச்சு. ஒரே ஒரு தடவை என்னை நிஜமா திட்டிடு. கேலியா இல்லாம."

"நிஜமா திட்டறதுக்கு எனக்கு வீட்ல ஆள் இருக்கு. நீ அதுக்கெல்லாம் ஆசைப்படாதே" என்றான்.

என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினான்.

"பீன்ஸ்ல உப்பு பத்தலை. அழறதுன்னா போய்ச் சட்டிகிட்ட நின்னு அழு."

போய் நின்று அழுதேன்.