நூல் பிடிக்குதா பாரு

இன்ஜின் பிளாக் கடைவதற்கு, கணினியில் இயங்கும் சிஎன்சி மிஷின் வாங்கப் போயிருந்தோம். விற்பனையாளர் மிஷினின் கதவைத் திறந்ததும் சூடான வார்ப்பிரும்பு வாசனை வந்தது. அப்பாவின் சட்டையில் வரும் அதே வாசனை.

பாளையம்பட்டியில் இருந்த அப்பாவின் பட்டறைக்குத் திருச்சுழிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து பம்புசெட்டு இன்ஜின்கள் வரும். பிஸ்டன் ஓடித் தேய்ந்த துளையைக் கடைந்து முடித்ததும், வழவழப்பாகிவிட்டதா என்று பார்க்க அம்மாவின் பழைய நூல் சேலைத் துண்டை உள்ளே விட்டு மெதுவாக இழுப்பார். ஒரு நூல் சிக்கினாலும் மறுபடி கடைவார். பழைய சேலை தீர்ந்துபோனால் நல்லதிலும் கை வைப்பார். கிழித்த துண்டுகள் கிடக்கும் கூடையைப் பார்த்து அம்மா சண்டைக்கு நிற்பாள்.

“சேலைய எனக்கு எடுத்தீகளா, இன்ஜினுக்கு எடுத்தீகளா?”

அப்பா போன பிறகு பட்டறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்று துணைக்கு வந்த அம்மா, விற்பனையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாதிரிக்குக் கடைந்து வைத்திருந்த பிளாக்கின் அருகே போனாள். கட்டியிருந்த புதுச் சேலையின் முந்தானையைத் துளைக்குள் விட்டு மெதுவாக இழுத்தாள்.

“எங்கயும் பிடிக்கல. இதையே எடு.”

முந்தானை முழுக்க எண்ணெய்க் கறை.

“புதுச் சேலை வீணாப் போச்சேம்மா” என்றேன்.

“வீணா என்ன? உங்கப்பா கூடையில போட்டுருவோம்.”