ஓம் சாரின் ஹெட்லைட்

முப்பது வருடம் கல்லூரியில் மின்சாரப் பாடம் நடத்தியவருக்கு ஓம் விதியை வைத்து மாணவர்கள் இட்ட பெயர் ஓம் சார். ஓய்வு பெற்றதும் ஐம்பது வருடப் பழைய கார் ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, தானே பெயின்ட் அடித்துத் திரும்பப் பூட்டினார். கார் ஜொலித்தது. ஹெட்லைட் மட்டும் அழுது வடிந்தது.

பல்பை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். எதற்கும் மசியாததால், பழைய கார் சங்கத்தின் மாத இதழில் ‘மென்னொளியின் மேன்மை’ என்று கட்டுரை எழுதினார். கண் கூசாத வெளிச்சம்தான் நாகரிகமாம். சங்கத்தார் பலமாகத் தலையாட்டினார்கள்.

அவர் மனைவியின் தம்பி மகள் லாரிகளுக்கு வயரிங் செய்யும் பட்டறை வைத்திருந்தாள்.

“அவளைக் கூப்பிட்டுக் காட்டலாமே” என்றாள் மனைவி.

“யாரு, என் பாடத்துல ரெண்டு தடவை ஃபெயிலானவளா?”

ஒரு மாலை, இருட்டத் தொடங்கிய நேரத்தில், சாலையில் பள்ளத்துக்கு முன்னால் வைத்திருந்த தடுப்பின் மேல் கார் மென்னொளியோடு நேராகப் போய் முட்டியது. மனைவி கதவைத் திறந்து இறங்கினாள்.

“நீங்க நாகரிகமா வாங்க. நான் நடந்தே போறேன்.”

மறுநாள் காலை பட்டறைக்கு போன் செய்தவளும் அவள்தான்.

தம்பி மகள் வந்தாள். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்து விளக்கின் உலோகக் கூட்டில் வைத்தாள். எதிர்ச்சுவர் பளீரென்று வெளுத்தது.

“எர்த் சரியா கிடைக்கல மாமா, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வழியில்ல. எர்த் வயரை பாடியில முறுக்குற இடத்துலயும் பெயின்ட் அடிச்சிருக்கீங்க.”

“மூணு கோட்டிங்” என்றார் பெருமையாக.

“அதான். பெயின்ட்ல கரண்ட் பாயாதே.”

உப்புத்தாளை எடுத்து நகத்தளவு சுரண்டினாள். ஓம் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயரை மறுபடி முறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்த இதழில் ‘வண்ணப்பூச்சும் மின்தடையும்: ஓர் ஆய்வு’ வெளிவந்தது. படம் இருந்தது, அம்புக்குறி இருந்தது, ஓம் சாரின் புகைப்படம் இருந்தது. தம்பி மகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

படித்துப் பூரித்த சங்கத் தலைவர், தன் காரின் மங்கல் விளக்கைப் பார்க்க அவரை அழைத்தார். உறுப்பினர்கள் சுற்றி நிற்க, ஓம் சார் திறந்த பானட்டுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவசர போன் என்று சொல்லி வாசலுக்குப் போனார்.

“ஏம்மா, அந்தச் சுரண்டுற இடம் எங்க இருக்கும்?”

“வண்டிக்கு வண்டி மாறும் மாமா. போட்டோ அனுப்புங்க.”

கட்டுரைக்கு என்று சொல்லி உள்ளே போய் ஒரு படம் எடுத்துவந்து அனுப்பினார். சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். ஓம் சார் மறுபடி உள்ளே வந்து, அந்த இடத்தை விரலால் தொட்டு, “இங்கதான். ஓம் விதிப்படி வேற எங்கயும் இருக்க முடியாது” என்றார்.

கைதட்டினார்கள்.