மாமி வீட்டு எண்ணும் மூன்றாவது டேபிளும்

சிங்கப்பூரில் ஆபீஸ் போன் அடித்தால், அது யாருடைய போனோ அவர் மட்டும்தான் எடுக்கிறார். படிக்கட்டில் நின்று இன்னொருவர் பெயரை யாரும் கத்துவதில்லை. வளர்மதி, பாபு, வந்த புதிதில் இந்த அமைதி எனக்கு விநோதமாக இருந்தது. பிறகு அதுதான் நாகரிகம் என்று நம்பிவிட்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

மேற்கு மாம்பலத்தில் பிளஸ் டூவுக்குப் பிறகு ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவன் நான். என்னை நம்பி இங்கே ஒரு கம்பெனியில் ஒரு பல் கிளினிக்கின் வெப் புரோகிராமை எழுதக் கொடுத்தார்கள். மூன்று மாதம் சோதனைக் காலம். வேலை நிலைத்தால்தான் உங்களையும் அம்மாவையும் அழைத்துவர முடியும். நோயாளிகளுக்குக் கம்ப்யூட்டருக்குள் ஒரு டேபிள், அதாவது அட்டவணை, போட்டு, அதிலேயே போன் எண்ணையும் வைத்தேன். எண்ணைத் தட்டினால் ஆள் வருவார். ஒரு எண்ணுக்கு ஒரே ஆள்.

முதல் வாரமே என் அறைத்தோழன் துரை பல்வலியோடு அங்கே போனான். நம்ம சென்னை ஊரூர் குப்பத்துக்காரன். அறையில் ஐந்து பேருக்கும் ஒரே போன். அவன் எண்ணைச் சொன்னதும், நான் அங்கே பல்லைக் காட்டியபோது பதிந்திருந்த என் விவரம் திரையில் வந்திருக்கிறது.

"இன்னா நைனா, உன் சொத்தப் பல்ல என் வாய்ல தேடிக்கினு கீறாங்க!" என்று கன்னத்தைப் பிடித்தபடி வந்து நின்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அந்த ஞாயிறு உங்களுக்குப் போன் செய்தபோது கீழ் வீட்டு மாமி எடுத்தார்.

"வளர்மதீ! பாபூ! அப்பா லைன்ல இருக்கார், ஓடி வாங்கோ!" என்று மாடியைப் பார்த்துக் கூவிவிட்டு, "பேருதான் எங்காத்து போன். வர்றதெல்லாம் மாடியில மூணு குடித்தனத்துக்கும்தான்!" என்றார்.

நீங்கள் இறங்கி வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் பள்ளி விண்ணப்பத்திலும் அந்த எண்ணை எழுதித்தானே, அது அடுத்தவர் வீட்டுப் போன் என்று காட்டப் பக்கத்தில் பி.பி. என்று போட்டேன்? அப்படியே வாழ்ந்தவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்திருக்கிறேன்.

திங்களன்று மேலாளர் மிஸ் லோவிடம், தப்பு என்னுடையது என்று சொல்லிப் படம் வரைந்தேன். ஆட்களுக்கு ஒரு டேபிள், போன்களுக்கு ஒன்று, யாருக்கு எந்தப் போன் என்று இணைக்க நடுவில் மூன்றாவது. ஒரு போனுக்குப் பலர் இருக்கலாம்; ஒருவருக்குப் பல போன்களும் இருக்கலாம்.

"இதை எங்கே கற்றீர்கள்?"

"மாமி வீட்டில். போன் வந்தால் அவர்தான் எல்லோரையும் கூப்பிடுவார்."

"ஓ, டெலிபோன் ஆபரேட்டர்!"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

வேலை நிலைத்துவிட்டது, பிள்ளைகளே. அப்பா போட்ட மூன்றாவது டேபிள் இப்போது நான்கு கிளினிக்குகளில் ஓடுகிறது. இதை நெஞ்சை நிமிர்த்தியே எழுதுகிறேன். அதைச் சோதிக்க முதலில் என் பெயரைத்தான் பதிந்தேன். என் பெயருக்கு நேரே இரண்டு எண்கள் வந்து நின்றன: இந்த அறையின் எண், மாமி வீட்டு எண். இரண்டில் எது என் முதன்மை எண் என்று கேட்கும் கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.