குச்சி நுனியில் பிளம் மது

மூன்று வருஷத்துக்கு முந்திய கார்த்திகை மாதம். சுவிஸில், லுசேர்ண் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஏரியைப் பார்த்த ஓர் அறையில் நடந்தது இது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. குடி என்றால் எனக்கு ஆகாது. என் கலியாண வாழ்க்கையைத் தின்றது அதுதான். நிலவறையில் பழைய சூட்கேசுக்குள், பிள்ளைகளின் பனிச் சப்பாத்துக்குள் என்று எங்கெல்லாமோ மனுசன் ஒளித்து வைத்த போத்தலை எடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் போத்தலும் விடியும்வரை மிஞ்சியதில்லை. ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன், அவ்வளவுதான். இன்றைக்கும் கலியாண மண்டபக் கார் தரிப்பிடத்தில் ஆண்கள் கூடி நின்று சிரிப்பதைக் கண்டால், சாப்பிடாமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லட்டும்.

அந்த அறையில் இருந்தவர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற சுவிஸ்காரர். கடைசி நாட்கள். பேச்சு நின்றுவிட்டது. ஆனால் உடம்பு ஒரு நிமிஷம் சும்மா கிடக்கவில்லை. போர்வையைப் பிடித்து இழுப்பார், காலைக் கட்டிலுக்கு வெளியே போடுவார், தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டுவார். டாக்டர் மருந்தைக் கூட்டியும் அடங்கவில்லை. வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு மரப்பட்டை மாதிரிக் காய்ந்துபோய்க் கிடந்தது. உதடு வெடித்து இரத்தம் கட்டியிருந்தது. அப்படியானவர்களுக்கு நுனியில் பஞ்சு வைத்த குச்சியை நனைத்து வாய்க்குள் துடைத்து விடுவோம். இவரோ குச்சியைக் கண்டாலே பல்லைக் கடித்தார். தண்ணீர், தேநீர், ஆப்பிள் சாறு எல்லாம் வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. அவருடைய அந்தரம் எனக்கும் தொற்றிவிட்டது. மற்ற அறைகளில் வேலை செய்துகொண்டிருந்தாலும் அந்த அறைக்கே திரும்பத் திரும்ப ஓடினேன்.

அவருடைய மனைவி ஜப்பான்காரி. இளம் வயதில் இங்கே வந்தவர், என்னைவிட நன்றாக இந்த ஊர் ஜெர்மன் கதைப்பார். அன்று மத்தியானம் கைப்பையிலிருந்து ஒரு பழைய ஜாம் போத்தலை எடுத்தார். உள்ளே தேன் நிறத்தில் ஏதோ இருந்தது. மூடியைத் திறந்ததும் மணம் வந்தது. பழ மணத்துக்கு அடியில் சாராய மணம். எனக்கு அது ஒன்று போதும், சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. இது குடிக்கிற இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. தனக்கில்லை என்றார். வீட்டில் தாங்களே போட்ட பிளம் மதுவாம். போன வருஷம் போட்ட சாடி பதமாக முதலே அவர் படுத்துவிட்டாராம். பேச்சு நிற்கும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"குடிக்கக் குடுக்கச் சொல்லேல்லை. வாயை மட்டும் ஒருக்கா இதால நனைச்சு விடுவீங்களோ?"

நான் நேரே பொறுப்புத் தாதியிடம் போனேன். முறைப்பாடு சொல்லத்தான் போனேன். அவள் கேட்டுவிட்டு, நல்ல யோசனை, எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்றாள். கடைசி நாட்களில் பியர், வைன், கோப்பி என்று விருப்பமானது எதையும் தொட்டு வைக்கலாமாம். தொண்டைக்குள் சொட்டாமல் பஞ்சை நன்றாகப் பிழிந்துவிடு என்றும் சொன்னாள். நான் செய்யமாட்டேன் என்றேன். அப்படியென்றால் பின்னேர வேலைக்கு வருகிற ஆள் செய்யட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பின்னேரம் வரை அந்த மனிதர் அப்படியே கிடக்கட்டும் என்பதுதான் நான் மறுத்ததற்கு அர்த்தம். எனக்கும் விளங்கியது. ஆனால் கோபம் விடவில்லை.

கீழே சமையலறைக்குப் போனேன். அங்கே யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வேலை செய்கிறார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸ் மலையூர் ஹோட்டல்களில் கோப்பை கழுவத் தொடங்கியவர். என் கதை முழுக்க அவருக்குத் தெரியும். நான் உள்ளே போனதுமே தொடங்கிவிட்டார்.

"என்ன பிள்ளை, மூஞ்சை கொதிக்குது? தேத்தண்ணிக்குத் தண்ணி தனியா வைக்கத் தேவையில்லைப் போல."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். என் பக்கம் கதைப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டியைத் தேய்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கிழவன் உனக்கு எப்பவாவது கை நீட்டினவரோ?"

"என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறீங்கள்?"

"பின்னை ஏன் பிள்ளை உன்ர மனுசனுக்குக் குடுக்கவேண்டிய தண்டனையை அவருக்குக் குடுக்கிறாய்?"

உங்களுக்கு வாய் கூடிப்போச்சு என்று கத்திவிட்டு, கையிலிருந்த தட்டத்தை மேசையில் அடித்து வைத்துவிட்டு வந்தேன். மேலே ஏறும்வரை மனதுக்குள் அவரைத் திட்டினேன். ஆனால் கால் அந்த அறைப் பக்கமே போனது. 

அறைக் கதவைத் திறந்தேன். அந்த அம்மா தன் விரலைப் பிளம் மதுவில் தோய்த்து அவருடைய உதட்டில் தடவப் பார்த்திருக்கிறார். அவர் தலையை உருட்டியதில் தலையணையெல்லாம் ஊற்றுப்பட்டுப்போயிருந்தது. தன் சால்வையால் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் போத்தலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எண்பது வயதை நெருங்கும் மனுசி, என்னைக் கண்டு ஒளிக்கிறார். 

தாருங்கோ என்று வாங்கினேன். கையுறை போட்டேன். பஞ்சைத் தோய்த்து, போத்தல் விளிம்பில் அழுத்திப் பிழிந்து, உதட்டின் வெளிப்பக்கத்தில் வைத்தேன். வழக்கம்போலப் பல்லைக் கடித்தார். பார்த்தீர்களா, அவருக்கே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாக்கு நுனி வெளியே வந்தது. உதட்டை ஒருமுறை நக்கியது. பிறகு வாய் தானாகவே திறந்தது. குச்சியை உள்ளே விட்டேன். பசித்த குழந்தை மாதிரி அதைச் சூப்பத் தொடங்கினார். இழுத்தும் விடவில்லை. போர்வையைப் பிடுங்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அந்த அம்மா ஜப்பான் மொழியில் அவரிடம் ஏதோ சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே எனக்குச் சொல்லத் தொடங்கினார். ஜப்பானில் இதற்குப் போடுகிற பிளம் காய் இங்கே கிடையாதாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆனியிலும் இரண்டு பேரும் ரயிலேறி வலே மாநிலத்துக்குப் போய் பழுக்காத பச்சை அப்ரிகொட் வாங்கி வருவார்களாம். பழுக்க முதல் ஏன் கேட்கிறீர்கள், பைத்தியமா என்று தோட்டக்காரன் சிரிப்பானாம். காம்பு நுனியைப் பல்லுக்குச்சியால் ஒவ்வொன்றாக எடுப்பது கட்டிலில் கிடக்கும் இவருடைய வேலை. காயும் கற்கண்டும் மாறி மாறி அடுக்கி, நிறமில்லாத சாராயத்தை ஊற்றி மூடி நிலவறையில் வைத்துவிடுவார்கள். ஒரு வருஷம் யாரும் தொடமாட்டார்கள். பிறகு வெயில் காலத்தில் ஐஸ் போட்டு, குளிர் காலத்தில் சுடுதண்ணீர் விட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிளாஸில் ஒன்று. கடைசியில் சுருங்கிய காயைக் கடித்துத் தின்பதோடு சரியாம்.

ஒரு வருஷமா என்று கேட்டேன். நான் நம்பவில்லை. சாராயம் நிலவறையில் இருக்கும், அது இருக்கிற இடமும் தெரியும், ஒருவரும் போய்த் திறக்கமாட்டார்கள். இப்படியும் வீடுகள் இருக்கின்றன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோபமும் பொறாமையும் சேர்ந்து வந்தன. அதை மறைக்க நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போர்வையை இழுக்கத் தொடங்கினார். ஆனால் குச்சியில் அதைத் தோய்த்து வைத்தால் மட்டும் வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் நாங்கள் துடைக்க முடிந்தது, காய்ந்த இரத்தத்தை எடுக்க முடிந்தது. அன்று வேலை முடியும்வரை நான்தான் திரும்பத் திரும்பப் போய்த் தோய்த்து வைத்தேன்.

நான் லீவில் நின்ற நாளில் அவர் போய்விட்டார். அந்தக் கிழமையே அறையைக் காலி செய்ய வந்த அந்த அம்மா, மிஞ்சியதில் கொஞ்சத்தைக் கிளாஸில் விட்டுச் சுடுதண்ணீர் கலந்து என்னிடம் நீட்டினார். வாங்கி மணந்தேன். நல்ல மணம்தான், பொய் சொல்ல வரவில்லை. குடிக்கவில்லை. எனக்கு ஏலாது என்று திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காமல், ஜன்னலோரம் நின்று மெதுவாகத் தானே குடித்து முடித்தார். முடியும்வரை நான் பக்கத்தில் நின்றேன். ஒருவர் குடித்து முடிக்கும்வரை நான் பயமில்லாமல் பக்கத்தில் நின்றது அதுதான் முதல்தடவை.

குடியைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை, மாறவும் போவதில்லை. ஆனால் எனக்கும் வேறொருவருக்கும் இடையில் கிடந்த கோபத்துக்காக, எனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒரு மனிதர் காய்ந்த வாயோடு போயிருப்பார் என்று நினைத்தால், இன்றும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.