மெக்சிகோக்காரியின் கிணறு

ஒரு பழைய மெக்சிகோ படம் கேசட்டாக வெளிவர வேண்டும் என்று ராசிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இல்லை, இரண்டு பேர். என் மாமியாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சேலத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை. அவருடைய மேலதிகாரி ஒரு ஃபிலிம் சொசைட்டியில் உறுப்பினர். அதனால் இவரும் உறுப்பினர். சினிமா ரசனை என்று தப்பாக நினைத்துவிட வேண்டாம். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் கடைசிவரை கண் திறந்து பார்த்ததில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஏதாவது வெளிநாட்டுப் படம் போடுவார்கள். எனக்கு அது கொண்டாட்டம். இங்கிலீஷில் பி.ஏ. படித்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் நான். திரைக்கு அடியில் ஓடும் இங்கிலீஷ் வரிகளைக் கிடுகிடுவென்று வாசிப்பதிலேயே ஒரு சந்தோஷம் இருந்தது.

மாமியார் வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருந்தார். மாமனார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் நிலமும், அதிலுள்ள கிணற்றில் பாதியும் மாமியார் பேரில் இருந்தன. மறுபாதி மாமனாரின் அண்ணனுக்கு. பெரியவர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தம்பி போனதிலிருந்து ஒரே பாட்டுத்தான்.

"மவன் ஊட்டுக்குப் போவப்போற பொம்பளைக்குக் கெணறு எதுக்குங்கறேன்? எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியாப் போயி இருக்க வேண்டியதுதான?"

என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். "பெரியப்பாகூட எதுக்கும்மா வம்பு? கையெழுத்தப் போட்டுட்டு இங்க வந்துருங்க." சொந்தக்காரர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்று வந்தவர் போனவர் எல்லோரும் அதையே ஓதினார்கள். மாமியாரும் ஒருநாள் சரி என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போவது என்று முடிவாயிற்று. மகனோடு சேர்ந்து போகலாம் என்று சனிக்கிழமையே சேலத்துக்கு வந்துவிட்டார். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் மருமகளை யார் கேட்டார்கள்? கேட்காத இடத்தில் வாயைத் திறக்கும் தைரியம் அப்போது எனக்கு இல்லை.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவரையும் சொசைட்டிப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதுதான் அந்த மெக்சிகோ படம். கறுப்பு வெள்ளை. முதல் காட்சியிலேயே வெயில் காய்கிற வறண்ட காடு, மேட்டில் வரிசையாகக் கத்தாழை. மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏ அம்மிணி, இது நம்மூரு ரயிலு ரோட்டுக் கத்தாழையில்ல?"

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி "உஷ்" என்றார். மாமியார் அவரைச் சட்டை செய்யவில்லை. திரையில் ஒரு பெண் சோளமாவை உள்ளங்கையில் தட்டி அடுப்பில் போட்டாள். "நம்மளாட்டமே தட்டறா பாரு" என்றார். அப்புறம் கதை நகர நகர எனக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. அவள் ஒரு விதவை. அவளிடம் ஒரு கிணறு இருக்கிறது. புருஷனின் அண்ணன் அதைத் தனக்கு எழுதிக்கொடு என்று நச்சரிக்கிறான். இப்படி ஒரு படத்துக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தா இவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்! என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தூங்கிவிட்டார்.

"என்ன சொல்றான்? அவ என்ன சொல்றா?" என்று மாமியார் என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார். நானும் வரிக்கு வரி அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதுவரை ஒரு பொய்யும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி உச்சி வெயிலில். தரை வெளேரென்று கிடக்கிறது. அந்தப் பெண் கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவுகிறாள், நிதானமாகச் சுருட்டுகிறாள், கழுதை மேல் போடுகிறாள். பிறகு மைத்துனனைப் பார்த்து நின்று என்னவோ சொல்கிறாள். நீளமாகச் சொல்கிறாள். அடியில் எழுத்து ஓடத்தான் செய்தது. ஆனால் வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்து. ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. நானும் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். பேசி முடித்துவிட்டுக் கழுதையை ஓட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன சொன்னா? சொல்லு சாமி."

மாமியார் என் முழங்கையை விடவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ! கூசாமல் சொன்னேன்.

"'கெணறு என்னுது. யாருக்கும் குடுக்கமாட்டேன். டவுனுக்குப் போயிக் கேஸ் போட்டுட்டுத் திரும்பி வாரேன்'னு சொல்றாளுங்க அத்தை."

விளக்கைப் போட்டுவிட்டார்கள். மாமியார் மகனைத் தட்டி எழுப்பினார்.

திங்கட்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, இட்லி சாப்பிட்டார். ஐந்து இட்லி. கையைக் கழுவிக்கொண்டு மகனைப் பார்த்துச் சொன்னார்: "என்னைய வெண்ணந்தூருக்குப் பஸ் ஏத்தி உட்ரு. ரிஜிஸ்தர் ஆபீசுக்கெல்லாம் நான் வர்ல."

"ஏம்மா? என்னாச்சு?"

"கெணறு என்னுது."

கரண்டியோடு சமையலறைக்குள் போனவள் அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்படும்வரை வெளியே தலைகாட்டவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டும் சேர்ந்து, அன்றைக்கு வைத்த குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

பெரியவர் இரண்டு வருடம் மாமியாரோடு பேசவில்லை. பிறகு ஒரு கோடையில் அவருடைய மோட்டார் எரிந்துபோனது. மாமியார் யாரும் கேட்காமலே தன் முறைத் தண்ணீரை அவர் வயலுக்குத் திருப்பிவிட்டார். அதோடு பேச்சு வார்த்தை வந்துவிட்டது. பாதிக் கிணறு மட்டும் மாமியார் பேரிலேயே இருந்தது. இதற்குள் மெக்சிகோக்காரி அந்த வட்டாரம் முழுக்கப் பிரபலம். கடலைக்காட்டில் களையெடுக்கிற பெண்களுக்கெல்லாம் மாமியார் அந்தக் கதையைச் சொல்லியிருந்தார். கேஸ் போட்டாள், ஜெயித்தாள், ஊரே அசந்துபோயிற்று என்று சொல்லச் சொல்ல அது வளர்ந்துகொண்டே போயிற்று. ஜெயித்ததை நான் சொல்லவில்லை. அது அவரே சேர்த்தது.

எண்பதுகளில் என் வீட்டுக்காரருக்கு ராசிபுரத்துக்கு மாற்றலானது. நானும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்தேன். அப்போதுதான் வீடியோ வந்தது. கடைத்தெருவில் கேசட் கடை, கல்யாண வீட்டில் டெக், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. எந்தப் படத்தையும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம் என்று மாமியாருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். போதாதா?

"அந்தக் கெணத்துக்காரி படம் வந்துருச்சா?" ஒவ்வொரு முறை நாங்கள் தோட்டத்துக்குப் போகும்போதும் இதுதான் முதல் கேள்வி. காப்பி அப்புறம்தான்.

எனக்கு இரண்டு மனம். டெக்கில் ஒரு பொத்தானை அமுக்கினால் படம் அப்படியே நிற்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அந்தக் கடைசிக் காட்சியை நிறுத்திவைத்து, டிவிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து, அவள் என்னதான் சொன்னாள் என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட வேண்டும். ஆனால் படம் வந்தால் என் பொய் வெளுத்துவிடும். பெரியவருக்குத் தெரிந்தால் விடுவாரா? "சினிமாக்காரி கேஸே போடலியாமே, நீதான் ஏமாந்தே" என்று மாமியாரைச் சாகிறவரை சொல்லிக்காட்டுவார். மாமியார் என் முகத்தில் விழிப்பாரா? அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஆனாலும் ஆசை விட்டதா? பம்பாயில் கேசட் போடுகிற கம்பெனிகளுக்கு என் நல்ல இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். படத்தின் பேர் மறந்துபோயிற்று. சொசைட்டியில் கொடுத்த தாளை எப்போதோ மளிகைச் சாமான் டப்பாவுக்கு அடியில் விரித்துவிட்டேன். அதனால் கதையை ஒரு பக்கத்துக்கு எழுதி, இப்படிப்பட்ட நல்ல பழைய படங்களையெல்லாம் நீங்கள் கேசட்டாகப் போட வேண்டாமா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டிருந்தேன். ஒரே ஒரு கம்பெனி பதில் போட்டது. பதில் என்ன பதில், அவர்களுடைய இந்திப் படங்களின் பட்டியல். அதை மாமியாரிடம் காட்டியபோது, "பட்டியல் போடறவன் படத்தையும் போடுவான். திருப்பி எழுது" என்றார். திருப்பி எழுதினேன்.

கடைத்தெருவில் கேசட் கடை வைத்திருந்தவர் முன்னே லாரி ஓட்டியவர். மாதம் ஒரு தடவை மெட்ராஸுக்குப் போய்க் கேசட் வாங்கி வருவார். அவரிடமும் சொல்லிவைத்திருந்தேன்: மெக்சிகோ படம், கறுப்பு வெள்ளை, கிணறு இருக்கும். ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், ஆப்புட்டுருச்சுங்க! மெக்சிகோதானுங்க. கறுப்பு வெள்ளை. கெணறும் வருதுன்னு விக்கறவன் அடிச்சுச் சொல்றானுங்க."

கேசட் மேல் பேர்கூட இல்லை. மெக்சிகோ என்று பேனாவில் எழுதியிருந்தது. நாம் சொன்ன மூன்றும் பொருந்துகிறதே, வேறு எதுவாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடலை பிடுங்கி முடிந்த சமயம். மாமியார் தோட்டத்து வீட்டுக்கே டிவியும் டெக்கும் வாடகைக்கு வரவழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் படம். வெளிச்சம் வராமல் ஜன்னல்களில் சாக்கைக் கட்டினார்கள். களையெடுக்கிற பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரியவர் முதல் ஆளாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "எங்க, அந்தக் கேஸ் போட்டவளப் பாப்பம்" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் டிவி சொல்லி மாமியாருக்குத் தெரிவதைவிட, நானே சொல்லிவிடுவது மேல். அவர் மாட்டுக் கொட்டகையில் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அத்தைங்க, படம் போடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு."

"அவ கேஸ் போடலீங்க. போட்டாளா இல்லையான்னே எனக்குத் தெரியாதுங்க. எழுத்து வெயில்ல ஒண்ணும் தெரியல. கெணறு என்னுதுன்னு நானாத்தான் சொன்னனுங்க."

மாமியார் கையிலிருந்த தட்டை முழுக்கப் போட்டு முடித்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே."

"எப்படீங்க?"

"கயித்த உருவிச் சுருட்டிக் களுத மேல போட்டுக்கிட்டுப் போறாளே, அவ திரும்பி வரப்போறவளா? கேஸ் போடப் போறவளுக்குக் கெணத்துக் கயிறு எதுக்கு அம்மிணி?"

பி.ஏ. படித்த நான் அடியில் ஓடிய எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கயிற்றைப் பார்த்திருக்கிறார்.

"பின்ன ஏனுங்க கையெழுத்துப் போடல?"

"ஊரே போடு போடுன்னுது. பெத்த மவனும் போடுன்னான். நீ ஒருத்திதான் வேண்டாம்னே. அதையும் நேராச் சொல்லப் பயந்துக்கிட்டு, பாவம், அவ வாயில வெச்சுச் சொன்னே. எனக்கு அந்த ஒரு ஆளு போதுமா இருந்துது."

அழுதுவிட்டேன். எருமைக்கு முன்னால் நின்று முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நன்றாக அழுதேன். இத்தனை வருடப் பயமும் போன இடம் தெரியவில்லை.

"அப்பறம் எதுக்குங்க இத்தன நாளா கேசட் கேட்டுக் கேட்டு என் உசுர வாங்குனீங்க?"

"போறவ சும்மாவா போவா? நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டுத்தான் போயிருப்பா. அது என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? வா, மூஞ்சியத் தொடை. படத்தப் போட்றப்போறாங்க."

உள்ளே போய் உட்கார்ந்தோம். படம் ஓடியது. கத்தாழை இல்லை, கழுதை இல்லை. ஜட்டி போட்டு, தலை முழுக்க முகமூடி மாட்டிக்கொண்டு ஒரு தடியன் வந்து நாலு பேரைத் தூக்கி அடித்தான். மெக்சிகோ குஸ்திப் படம்! எனக்கு வந்ததே கோபம், கேசட் கடைக்காரர் மட்டும் எதிரில் இருந்திருந்தால்! இதற்கா நான் எருமை முன்னால் நின்று ஒப்புக்கொண்டேன்? ஆனால் ஜனங்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பெரியவர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடியில் இங்கிலீஷ் எழுத்தும் கிடையாது. முழுக்க அவர்கள் பாஷைதான்.

"அம்மிணி, இவன் என்ன சொல்றான்?" என்று பெரியவர் கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? மாமியார் முந்திக்கொண்டார்.

"அவ சொல்லுவா. நல்லாச் சொல்லுவா."

வேறு வழி? சொல்ல ஆரம்பித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து, கேசட் கடைக்காரர் சொன்னபடி நிஜமாகவே ஒரு கிணறு வந்தது. முகமூடிக்காரன் ஒரு வில்லனைத் தலைகீழாக அதன் மேல் தொங்கவிட்டுக்கொண்டு ஆவேசமாக என்னவோ கத்தினான். வீடே மூச்சு விடாமல் என்னைப் பார்த்தது.

"இப்ப என்னன்னு சொல்றான்?" என்றார் பெரியவர்.

"'கெணறு என்னுது'ங்கறானுங்க மாமா."

மாமியார் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. பெரியவர் ஒரு நிமிடம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். நான் மாமியாரின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்:

"அந்தக் கடைக்காரங்கிட்டச் சொல்லு. கெணறு மட்டும் இருந்தாப் பத்தாது, கயிறு இருக்கோணும். பாத்து வாங்கியாரச் சொல்லு."