வாய் வைத்தியரின் வீட்டுக்காரி

ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் நெடுஞ்சாலை ஓரம் மீன் விற்கும் புருலுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் பத்தொன்பது வருஷம் கணவன் ஷெர்மத்தைத் தெருவிலிருந்து வீட்டுக்கு இழுத்து வருவதிலேயே கழிந்தது. ஏரித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். துறைமுகம் படுத்ததும் அவனும் வோட்கா பாட்டிலோடு படுத்துவிட்டான்.

மாஸ்கோவில் வேலை பார்க்கும் மகள் மெரிம்தான் கடைசியில் ஒரு வழி செய்தாள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஜிபெக் என்கிற மனநல ஆலோசகர் வாரம் இரண்டு முறை கைபேசித் திரையில் வந்து ஷெர்மத்தோடு பேசினாள். எட்டு மாதத்தில் அவன் நிஜமாகவே குடியை விட்டான். புருலுக்கு சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

"இதையேதான் நான் தொண்டை கிழியக் கத்தினேன். பெட்டிக்குள்ள இருந்து சொன்னாத்தான் இவருக்குக் காதுல ஏறும்போல."

அதோடு நின்றிருந்தால் தேவலை. ஷெர்மத் இணையத்திலேயே மூன்று வாரம் ஏதோ படித்து, ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, தானும் ஆலோசகனாகிவிட்டான். மன அழுத்தம், போதை, மனக்காயம், எதுவானாலும் வீட்டிலிருந்தே தீர்வாம்! நேற்றுவரை சாக்கடையில் கிடந்தவன் இன்று ஊருக்குக் குளிக்கக் கற்றுக்கொடுக்கிறான். நாற்காலிக்குப் பின்னால் புருலின் சீதனக் கம்பளத்தைத் தொங்கவிட்டான். பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய, ஒருநாளும் பிரிக்காத புத்தகங்களைப் பக்கத்தில் அடுக்கினான். டீ கேட்கும்போது குரைக்கிற குரல், கேமரா முன்னால் தேனாக ஒழுகியது.

ஒரு வீடியோவில், "என் மனைவிக்குப் பனிக்கட்டி நெஞ்சு, நண்பர்களே. அந்தக் குளிர் தாங்காமத்தான் நான் குடிச்சேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் பக்கத்துக் கடை சோனுன் விடுவாளா?

"புருல் அக்கா, பச்சை மீனுக்கு ஐஸ் தீந்துபோச்சு. உங்க நெஞ்சுல இருந்து கொஞ்சம் வெட்டிக் குடுங்களேன்!"

கடையைப் பாதியில் மூடிவிட்டு, வழிநெடுகத் திட்ட வேண்டியதையெல்லாம் தொடுத்தபடி புருல் வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஷெர்மத், மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த ஒரு இளைஞனோடு திரையில் பேசிக்கொண்டிருந்தான்.

"உங்க வலிக்கு ஒரு நிறம் குடுங்க தம்பி. என்ன நிறம் தெரியுது?"

"சிமென்ட் நிறம் அண்ணே. என் கூட்டாளி விழுந்தது இந்த மாடியில இருந்துதான். நானும் இப்ப இங்கதான் நிக்கிறேன். கீழ பாத்துக்கிட்டு."

ஷெர்மத் கையிலிருந்த தாளைப் புரட்டினான். அடுத்த பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. கரையில் போட்ட மீன்போல வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

புருல் அவனை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, பேரென்னப்பா?"

"உலான்."

"நான் மீன்காரி புருல். எனக்கு நிறம் கிறமெல்லாம் தெரியாது. ரெண்டு எட்டு பின்னால வந்து சுவத்துல சாஞ்சு உக்காரு. எங்க, சுவத்தைக் காட்டு... ஆங். உன் பக்கத்துக் கட்டில்ல யாரு படுக்கிறா?"

"பாகித்."

"அவன் நம்பரைச் சொல்லு."

அவன் சொன்னதும் ஷெர்மத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் அவனுக்கு உயிர் வந்தது. அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிப்போய்ப் பாகித்தை அழைத்தான். நாற்பது நிமிஷம் புருல் பேச்சை விடவில்லை. விழுவதற்குச் சற்றுமுன் கூட்டாளி சொன்ன வேடிக்கையை உலான் சொல்லி அழுதான். அழாதே என்று அவள் சொல்லவில்லை. மூச்சிரைக்கப் பாகித் திரைக்குள் வந்து அவனைக் கட்டிக்கொண்ட பிறகே எழுந்தாள்.

"யோவ், இப்ப உன் ஜிபெக்கைக் கூப்பிடு."

ஜிபெக் பொறுமையாகக் கேட்டாள். குரலை உயர்த்தாமலே ஷெர்மத்தின் தோலை உரித்தாள்.

"ஷெர்மத் அண்ணே, நீங்க முங்கிப்போகாம இருக்கத்தான் நான் சொல்லிக்குடுத்தேன். அடுத்தவங்களைத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொன்னது யாரு?"

அன்று மாலைக்குள் உலானுக்கு மாஸ்கோவிலேயே அவன் மொழி பேசும் மருத்துவர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தாள். பெட்டிக்காரி வெறும் பதர் இல்லை என்று புருல் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

காலையில் ஷெர்மத் தொண்டையைச் செருமினான். "'ஓர் உயிரைக் காத்த நாற்பது நிமிடம்'னு ஒரு வீடியோ போட்டா..."

"காத்தது யாருன்னும் அதுல வருமா?" என்றபடியே அவள் கம்பளத்தைக் கழற்றினாள். அதோடு அவன் வைத்தியம் முடிந்தது. இப்போது படகு பழுதுபார்க்கும் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். இன்றுவரை குடிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் புருலுக்கு மீன் அறுக்கும்போது கை நின்றுவிடத் தொடங்கியது. மாடி விளிம்பிலிருந்து வந்த குரல் காதைவிட்டுப் போகவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஜிபெக்கை அழைத்துத் திரை முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உன்னை ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். இந்த ஆளை உக்கார வெச்சு எட்டு மாசம் கதை கேட்டியே, இவரை இழுத்துட்டு வந்தவ எப்படி இருக்கான்னு ஒருநாள் கேட்டியா?"

ஜிபெக் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"கேக்கல அக்கா. தப்புதான். இப்ப கேக்கிறேன், சொல்லுங்க."

புருல் திரும்பிப் பார்த்தாள். ஷெர்மத் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"யோவ், கதவைச் சாத்திட்டு வெளிய போ," என்றாள்.